திட்டுவது வேறு, தூற்றுவது வேறு

எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழு ஒன்று உண்டு. தண்ணீர் லாரி எப்போது வரும், லிப்ட் ஏன் நின்றது, யாருடைய ஸ்கூட்டர் வழியை மறிக்கிறது என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்து விழுந்தன.

முதலாவது, மூன்றாவது மாடிக்காரர் பொருளாளருக்குப் போட்டது: “யோவ், அறிவிருக்கா? மோட்டார் ரிப்பேராகி மூணு நாளாச்சு. பக்கெட் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. நீயெல்லாம் எதுக்குய்யா பொருளாளர்?”

இரண்டாவது, இன்னொருவர் போட்டது: “அனைவருக்கும் காலை வணக்கம். பராமரிப்புக் கணக்கு இந்த மாதமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நன்றி.” கீழே கைகூப்பும் பொம்மை வேறு.

முதல் செய்தியைப் பார்த்துக் குழுவே கொதித்தது. மரியாதை வேண்டாமா, பிள்ளைகள் படிக்கிற குழு அல்லவா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அட்மின் அதை நீக்கினார். இரண்டாவதற்கு நாலு கட்டைவிரல் விழுந்தது. ஆனால் பொருளாளர் பதவியை விட்டுப் போனது அந்த இரண்டாவது செய்தியால்தான். கணக்கு ஆடிட்டரிடம் இருந்திருக்கிறது; வந்தபோது பைசா சுத்தமாக இருந்தது. மூன்றாவது மாடிக்காரரோடு அவர் அடுத்த வாரமே மொட்டைமாடியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டாவது செய்தி போட்டவர் லிப்டில் இருந்தால் பொருளாளர் படியேறிப் போய்விடுகிறார்.

முதலாவது திட்டு. இரண்டாவது தூற்று; இன்றைய எழுத்து வழக்கில் சொன்னால், அவதூறு. ஒருவருடைய பெயரைக் கெடுக்கும் பேச்சுக்குத் தமிழில் ஏகப்பட்ட சொற்கள் இருக்கின்றன: வசை, ஏச்சு, பழி, கோள், புறணி, நிந்தை, அலர், அவதூறு, மானநஷ்டம் என்று நீளும். செய்தித்தாளிலும் பேச்சிலும் இவை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வந்து விழுவதால் எல்லாம் ஒரே பொருள் என்று தோன்றிவிடுகிறது. அப்படியில்லை. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று குழம்பினால் நான் முதலில் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: சொன்ன சொல் யார் காதில் விழுவதற்காகச் சொல்லப்பட்டது?

சம்பந்தப்பட்டவர் காதில் விழுவதற்காகச் சொன்னால் அது திட்டுக் குடும்பம். மற்றவர்கள் காதில் விழுவதற்காகச் சொன்னால் அது தூற்றுக் குடும்பம். மூன்றாவது மாடிக்காரர் பொருளாளரோடு பேசினார். நாங்கள் தற்செயலாகக் கேட்டோம். இரண்டாமவர் எங்களோடு பேசினார்; பொருளாளர் தற்செயலாகக் கேட்டார்.

சரி, திட்டுக் குடும்பத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் சிக்கல் குறைவு. சென்னைப் பக்கம் திட்டுவது, திருநெல்வேலியிலும் இலங்கையிலும் ஏசுவது, மதுரையிலும் கொங்குநாட்டிலும் வைவது. “எங்கம்மா வையும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அம்மா எங்கோ எதையோ வைக்கப்போவதாக வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார். வைதல் பழைய சொல். முத்தமிழால் வைதாரையும் வாழவைப்பவன் என்று முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். வசவு, வசை என்பவையும் இந்தப் பக்கம்தான். வீட்டுத் திட்டுக்கு நம் ஆட்கள் கோயிலிலிருந்து சொல் எடுத்துக்கொள்வது எனக்கு எப்போதும் பிடிக்கும். “நேத்து லேட்டா போனேன், செம அர்ச்சனை” என்பார்கள். அது முற்றினால் மண்டகப்படி. பூசை என்றால் கை நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

திட்டில் பெரும்பாலும் தகவல் இருக்காது. “அறிவிருக்கா?” என்று கேட்டதை வைத்துப் பொருளாளருக்கு அறிவில்லை என்று யாரும் முடிவு கட்டப்போவதில்லை. கோபம் மட்டும்தான் வெளியே வருகிறது. அதனால்தான் திட்டு சீக்கிரம் ஆறிவிடுகிறது.

தூற்று என்பது களத்துமேட்டுச் சொல். போரடித்த நெல்லில் பதரும் தூசும் கலந்து கிடக்கும். காற்று எழும்வரை காத்திருந்து, முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மெல்லச் சரியவிடுவார்கள். கனமான நெல் காலடியில் விழும். பதரும் தூசும் காற்றோடு போய்த் தள்ளி விழும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிற பழமொழி இதைத்தான் சொல்கிறது. இதே வினைச்சொல்தான் ஒருவரைப் பற்றிக் கெட்ட பேச்சைப் பரப்புவதற்கும் வருகிறது. தூசு கிளப்புவது ஒருவர் வேலை. கொண்டுபோவது காற்றின் வேலை. ஊர்வாய்தான் அந்தக் காற்று.

மண்ணை வாரித் தூற்றுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் தெருவில் சீட்டு நடத்திய ஒரு வீட்டின் முன்னால் நடுமத்தியானம் ஒரு அம்மா வந்து நின்றார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்துத் திண்ணைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அவர் கத்தவில்லை. குனிந்து ஒரு பிடி தெருமண்ணை அள்ளினார், வாசலைப் பார்த்து வீசினார். மறுபடி குனிந்தார். மூன்று தடவை. அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். என்ன நடந்தது, எவ்வளவு பணம் என்று ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கு அப்பால் தொகை உட்பட எல்லாம் பேசப்பட்டது. அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் சீட்டுக் கட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

சேற்றை வாரி இறைப்பது என்று அரசியல் மேடையில் சொல்கிறார்களே, அது இதன் ஈரமான வடிவம். மண்ணைத் தட்டிவிடலாம், சேறு ஒட்டிக்கொள்ளும். முகத்தில் கரியைப் பூசுவது வேறு கதை. குற்றவாளிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவைத்த பழைய தண்டனையின் வாடை அந்த மாதிரிச் சொற்களில் அடிக்கிறது.

இந்தக் குடும்பத்துக்குள் கொஞ்சம் ஆளெண்ணிக்கை பார்க்க வேண்டும். ஒரே ஒருவர் காதில் போய்ச் சொன்னால் அது கோள். அந்த ஒருவர் பெரும்பாலும் அதிகாரமுள்ளவராக இருப்பார்: மாமியார், மேனேஜர், தலைமையாசிரியர். கோள் மூட்டுவது, வத்தி வைப்பது எல்லாம் இதுதான். ‘போட்டுக்கொடுப்பது’ இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் போட்டுக்கொடுக்கிறவர் பொதுவாக உண்மையைத்தான் சொல்வார், அதுதான் அவர்மேல் அவ்வளவு கோபம். நாலைந்து பேர் உட்கார்ந்து, வராத ஆளைப் பற்றிப் பேசினால் புறணி, எழுத்துத் தமிழில் புறங்கூறல். திருக்குறள் இதற்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது. அதில் 184-ஆவது குறள் நம் கேள்விக்கு நேரடியாக வருகிறது: ‘கண்ணின்று கண்ணறச் சொல்லினும் சொல்லற்க முன்னின்று பின்நோக்காச் சொல்.’ முகத்துக்கு நேரே நின்று ஈவிரக்கமில்லாமல் பேசினாலும் பேசு, ஆள் இல்லாத இடத்தில் பின்விளைவு பார்க்காமல் பேசாதே என்கிறார். மூன்றாவது மாடிக்காரரை வள்ளுவர் குழுவிலிருந்து நீக்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆள் எண்ணிக்கை கூடி ஊரே பேசத் தொடங்கினால் அதற்குச் சங்க காலத்திலேயே தனிச் சொற்கள் இருந்தன. அம்பல், அலர், கௌவை. எல்லாம் காதல் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு வந்தவை. அம்பல் என்றால் மொட்டு. அலர் என்றால் விரிந்த மலர். இறையனார் களவியல் உரை இரண்டையும் பிரித்துக்காட்டுகிறது. யார், என்ன என்று வெளியே தெரியாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தால் அம்பல். இன்னாருக்கும் இன்னாருக்கும் இப்படியாம் என்று விளங்கச் சொன்னால் அலர். பெயர் சொல்லாத பேச்சு, பெயர் சொன்ன பேச்சு என்கிற இந்தப் பிரிவினை எவ்வளவு கூர்மையானது என்பது கீழே சட்டத்துக்கு வரும்போது தெரியும்.

அலர் பரவும் வேகத்துக்கும் குறளில் ஒரு படம் இருக்கிறது. ‘கண்டது மன்னும் ஒருநாள் அலர்மன்னும் திங்களைப் பாம்புகொண் டற்று.’ நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு நாள். பேச்சோ நிலவைப் பாம்பு பிடித்ததுபோல ஊரெல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பெண் அலுத்துக்கொள்கிறாள். கிரகணத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து மறைக்க முடியாது. இன்றைக்கு வைரல் என்கிறோம்.

புதிதாகச் சொல் பழகுகிறவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இனிமேல்தான். மானம் போவதையும் அவதூறையும் ஒன்றென்று நினைத்துவிடுவது. பரீட்சையில் பிட் அடித்து மாட்டிய பையனிடம் அப்பா “என் மானத்தை வாங்கிட்டியேடா” என்கிறார். “மானம் கப்பலேறிப் போச்சு” என்கிறார் பாட்டி. “ஊர் சிரிக்குது, சந்தி சிரிக்குது” என்கிறார் அத்தை. யாராவது அவதூறு செய்தார்களா? இல்லை. நடந்தது நடந்தபடி வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். மானம் போவது, பெயர் கெடுவது, தலைகுனிவு, களங்கம் எல்லாம் விளைவைச் சொல்பவை. அவதூறு, தூற்றல், பழிபோடுதல் செயலைச் சொல்பவை. செயல் இல்லாமலும் அந்த விளைவு வரலாம். விளைவு வராமல் செயல் மட்டும் நடந்துவிட்டுப் போகவும் செய்யலாம்.

பழி நடுவில் நிற்கிற சொல். ஒரு தவறுக்கு இவர்தான் பொறுப்பு என்று சொல்வது பழி. அது நியாயமாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். அதனால்தான் அநியாயமானது என்று குறிக்க ‘வீண்பழி’ என்று அடை சேர்க்க வேண்டியிருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். புகழுக்காக உயிரையும் கொடுப்பார்கள், பழி என்றால் உலகத்தையே சேர்த்துக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள் என்று புறநானூற்றில் ஒரு பாட்டு சிலரைப் பாராட்டுகிறது. அங்கே பழி என்பது பொய்க்குற்றச்சாட்டு அல்ல, உண்மையாகவே செய்த இழிசெயலால் வரும் கெட்ட பெயர்.

விமர்சனத்தோடு வரும் குழப்பத்துக்கு ஹோட்டல் உதாரணம் போதும். “தோசை தீய்ந்திருந்தது, சாம்பார் தண்ணி, இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன்” என்றால் விமர்சனம். உங்கள் தட்டில் இருந்ததைப் பற்றிச் சொல்கிறீர்கள். “இவர்கள் புளித்துக் கெட்டுப்போன மாவைத்தான் தினமும் ஊற்றுகிறார்கள்” என்றால், நீங்கள் பார்க்காத சமையலறையைப் பற்றி ஒரு தகவலை நாலு பேருக்குக் கொடுக்கிறீர்கள். முதல் வாக்கியம் காட்டமாக இருக்கலாம், ஆனால் அது கருத்து. இரண்டாவது எவ்வளவு பணிவாக எழுதினாலும் குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க வேண்டியது உங்கள் தலையில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் அவதூறு இரண்டு வாசல்கள் வழியாக நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்று குற்ற வழக்கு. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்ற பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாகியிருக்கிறது. அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவையும் சேர்ந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் போய் எழுதிக்கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்று நினைத்துப் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் தானே தனிப்புகார் கொடுக்க வேண்டும். இன்னொரு வாசல் உரிமையியல் வழக்கு, நாம் மானநஷ்ட வழக்கு என்பது. அங்கே ஜெயில் கிடையாது, நஷ்டஈடுதான். ஒரு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். வக்கீல் நோட்டீஸில் கோடிக்கணக்கில் தொகை எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதுகிற தொகையெல்லாம் கிடைத்துவிடாது.

சட்டமும் நம் முதல் கேள்வியைத்தான் கேட்கிறது. மற்றவர்கள் மதிப்பில் அவர் தாழ்ந்தாரா? அவருடைய நடத்தை, அறிவு, தொழில், நாணயம் இவற்றைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் எண்ணத்தைக் குறைக்கும்படி ஒன்றைச் சொன்னால் அவதூறு. நேரே அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னதோ, அவருக்கு மட்டும் அனுப்பிய மெசேஜோ அதில் சேராது. மூன்றாவது ஆள் ஒருவருக்காவது போய்ச் சேர வேண்டும். முகத்துக்கு நேரே திட்டுவதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் தெருச்சண்டை எஃப்.ஐ.ஆர்.களைப் படித்தவர்களுக்கு ‘அசிங்கமான வார்த்தைகளால் திட்டி’ என்ற வரியும் பழைய 294(பி) என்ற எண்ணும் மனப்பாடமாகியிருக்கும். ஆக, திட்டுக்கும் தூற்றுக்கும் சட்டப்புத்தகத்திலேயே தனித்தனி அறை.

பேச்சுத்தமிழும் சட்டமும் பிரியும் இடம் ஒன்று உண்டு. ‘அவதூறு’ என்ற சொல்லைக் கேட்டதும் பொய் என்ற எண்ணம் நமக்குச் சேர்ந்தே வருகிறது. ‘உண்மையான அவதூறு’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் குற்றவியல் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்க முடியும். சொன்னது உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதைச் சொல்வது பொதுநலனுக்குத் தேவையாகவும் இருந்தது என்று காட்ட வேண்டும். பத்து விதிவிலக்குகளில் முதலாவது இது. பக்கத்து வீட்டுக்காரரின் இருபது வருஷத்துக்கு முந்தைய குடும்ப விவகாரத்தைத் தெருவில் நின்று அறிவித்துவிட்டு “உண்மையைத்தானே சொன்னேன்” என்று தப்பிக்க முடியாது. மானநஷ்ட வழக்கில் நிலைமை வேறு. அங்கே உண்மை என்று நிரூபித்தாலே வழக்கு விழுந்துவிடும்.

அவதூறைக் குற்றமாக வைத்திருக்க வேண்டுமா என்பதே இங்கே ஒரு வழக்காகப் போனது. சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கேஜ்ரிவால் ஆகியோர் இந்தப் பிரிவுகளை எதிர்த்த மனுதாரர்களில் இருந்தார்கள். மூவரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான சந்தர்ப்பம்! 2016 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் பிரிவுகள் செல்லும் என்று சொல்லிவிட்டது. நற்பெயரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்பது தீர்ப்பின் அடிப்படை. இலங்கை 2002-லேயே அவதூறைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அங்கே இப்போது நஷ்டஈடு கேட்கலாம், ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. எனக்கு இலங்கை வழிதான் சரி என்று படுகிறது. பெயருக்கு வந்த நஷ்டத்தை ஒரு ஆளைச் சிறையில் வைத்து எப்படி ஈடுகட்டுவது?

அம்பல், அலர் கதைக்கு வருவோம். யாரைச் சொல்கிறது என்று தெரியாவிட்டால் அவதூறு நிற்காது. அதற்காகப் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை, கேட்கிறவர்களுக்கு ஆள் விளங்கினால் போதும். எங்கள் வாட்ஸப் செய்தியில் பெயர் எங்கும் இல்லை. ஆனால் குடியிருப்புக்கு ஒரே பொருளாளர்தான். மொட்டுபோலத் தெரியும், உண்மையில் அது மலர்ந்த பூ. ஒரு கூட்டத்தையே சேர்த்துச் சொல்லும்போது இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 2019-ல் கோலாரில் மோடி என்ற குடும்பப்பெயரை வைத்து ராகுல் காந்தி பேசிய பேச்சுக்கு, அந்தப் பெயர் கொண்ட இன்னொருவர் சூரத்தில் வழக்குப் போட்டார். 2023 மார்ச் 23 அன்று அதிகபட்சமான 2 ஆண்டு தண்டனை வந்தது, மறுநாள் எம்.பி. பதவி போனது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, பதவி திரும்பியது. அந்தப் பெயருள்ள எல்லோரையும் அது குறிக்குமா, ஒருவரையும் குறிக்காதா என்ற வாதம் அந்த வழக்கு முழுக்க ஓடியது.

புகழ்ந்தும் கெடுக்கலாம்

அவதூறுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதன் உதாரணங்கள். யாரோ ஒருவருடைய கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டது. ஒருவர் சொல்கிறார்: “இவர் ரொம்ப நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை இவர் எடுக்கவே இல்லை.” இவர்தான் எடுத்தார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு அப்படிச் சொன்னால் அது அவதூறு. இன்னொரு உதாரணத்தில் வாயே திறக்கவில்லை. யார் எடுத்தது என்று கேட்டதற்கு ஒருவரை நோக்கிக் கையை மட்டும் காட்டுகிறார். அதுவும் அவதூறுதான். அவர் கடிகாரத்தோடு ஓடுவதுபோலப் படம் வரைந்தாலும் அவதூறு. 1860-ல் மீமுக்கும் சேர்த்து எழுதிவைத்துவிட்டார்கள்.

தமிழ் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் செம்பொருள் அங்கதம். அதற்கு வசை என்றே பெயர். மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம். கரப்பு என்றால் ஒளித்தல், பழியை உள்ளே ஒளித்துவைத்த பேச்சு. அணியிலக்கணத்தில் இதன் உறவுக்காரர் வஞ்சப்புகழ்ச்சி. அதற்கு ஔவையாரைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதியமானுக்காகத் தூது போன அவருக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் சொல்கிறார்: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. கேட்கிறவனுக்குப் பாராட்டுப்போல இருக்கும். வீட்டுக்குப் போய் யோசித்தால் தூக்கம் வராது. வசைபாடக் காளமேகம் என்று பெயர் வாங்கிய புலவரே இந்த வித்தையில் மன்னர். சிவனைத் திட்டுவதுபோல எடுத்துத் துதியில் முடித்துவிடுவார்.

கடவுளுக்கும் மன்னருக்கும் பாடினால் இலக்கியம். குடியிருப்புக் குழுவில் “நம் பொருளாளர் மிகவும் நல்லவர், கணக்குக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமே” என்று எழுதினால் பழிகரப்பு.

பத்திரிகையில் ஏறும்போது

அச்சு வந்தபின் தூற்றுவதற்கு ஊர்வாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. மஞ்சள் பத்திரிகை என்ற சொல் 1890-களின் நியூயார்க்கிலிருந்து வந்தது. அங்கே போட்டி போட்ட இரண்டு செய்தித்தாள்களில் மஞ்சள் அங்கி போட்ட ஒரு கார்ட்டூன் பையன் வந்துகொண்டிருந்தான். பரபரப்புக்காக எதையும் எழுதும் பத்திரிகைகளுக்கு அவன் நிறமே பெயராகிவிட்டது. தமிழில் அந்தச் சொல் கேட்டால் ஆபாசம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

சென்னையில் அதன் கதை கத்தியில் முடிந்தது. 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர் ‘சினிமா தூது’ என்ற பத்திரிகையிலும், அது நின்றபின் ‘இந்துநேசன்’ பத்திரிகையிலும் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் அவரைக் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். அன்றைய உச்ச நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சதி செய்ததாகத் தண்டிக்கப்பட்டார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பி, 1947-ல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். என்.எஸ்.கே. திரும்பவும் சினிமாவில் நிலைத்தார். பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. நீதிமன்றம் விடுவித்தபின்னும் சில பெயர்கள் விடுபடுவதில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப் போனபோது, அதில் அதிகாரிகள் பெயர் வருவதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளிவருமுன்பே அரசு தடுக்க முடியாது, பாதிக்கப்பட்டால் பின்னால் வழக்குப் போடலாம் என்றது. அரசுப் பணியில் இருப்பவர்கள் பணி தொடர்பான நடத்தையைப் பற்றிய எழுத்துக்கு எளிதில் நஷ்டஈடு கேட்டுவிட முடியாது என்றும் சொன்னது. எதைப் பார்த்தாலும் ‘அவதூறு’ என்று கூவும் அதிகாரிகளுக்கு எதிராக இன்றும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தலைப்புச் செய்திகளுக்குத் தனி அகராதியே போடலாம். சாடல், விளாசல், பாய்ச்சல், காட்டம், கண்டனம். “முதல்வர் மீது எதிர்க்கட்சித் தலைவர் தாக்கு” என்று படித்துவிட்டுப் பதறும் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு: தலைப்பில் ‘தாக்கு’ என்றால் பெரும்பாலும் வாய், ‘தாக்குதல்’ என்றால் பெரும்பாலும் கை. இவை எல்லாம் கடுமையான விமர்சனத்துக்கும் வசைக்கும் நடுவில் இருப்பவை. அவதூறா இல்லையா என்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. இணையத் தமிழில் கலாய்ப்பது, ஓட்டுவது என்பவை விளையாட்டு. வறுத்தெடுப்பது, கழுவி ஊற்றுவது, வச்சு செய்வது என்று போகப்போகச் சூடு ஏறும். நாறடிப்பது என்ற இடத்துக்கு வந்துவிட்டால் நோக்கம் ஆளுடைய பெயர்தான்.

மறுப்பு, வருத்தம், மன்னிப்பு என்ற மூன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுப்பு, பாதிக்கப்பட்டவர் தருவது. வருத்தம், சொன்னவர் தான் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல் தருவது. மன்னிப்பு, ஒப்புக்கொண்டு தருவது. வக்கீல்கள் ‘நிபந்தனையற்ற’ என்ற அடையைச் சேர்க்கச் சொல்லி அடம்பிடிப்பது இந்த இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துவிடும் என்பதால்தான்.

எங்கள் குழுவில் கணக்கு வந்த அன்று அந்த இரண்டாமவர் ஒரு செய்தி போட்டார்: “அனைவருக்கும் மாலை வணக்கம். என் பதிவால் யார் மனதாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். நன்றி.” கைகூப்பும் பொம்மை. பழைய செய்தியை அவர் நீக்கவில்லை. நாலு கட்டைவிரலோடு அது இன்னும் அங்கேயே இருக்கிறது. வருத்தத்துக்கு ஒரே ஒரு கட்டைவிரல்தான் விழுந்தது, அதுவும் மூன்றாவது மாடிக்காரருடையது.